நெருப்புக்கும் பாலுக்கும் நடுவே

அடுப்பங்கரை அநுபவங்கள் – 14

சென்ற வாரம் பாகு பதங்களைப் பற்றி எழுதியபோது, ஒற்றைக் கம்பிக்கும் இரட்டைக் கம்பிக்கும் இடையே உள்ள காலம், ஒரு சொட்டை விரலில் தொட்டுப் பார்த்துவிட்டுக் கரண்டியைத் திரும்ப வைப்பதற்குள் கழிந்துவிடுகிறது என்றும், அந்தச் சிறு பொழுதைக் கண்டுகொள்வதிலேயே பாகு காய்ச்சுகிறவரின் சாமர்த்தியம் முழுவதும் அடங்கியிருக்கிறது என்றும் சொல்லியிருந்தேன். இந்த வாரம் எடுத்துக்கொண்ட பண்டத்திலும் பதமே பிரதானம். ஆயினும், பாகு தன் பதத்தைக் கம்பியாக நீட்டிக் காட்டிவிடுகிறது. பாலோ தன் பதத்தை அடிவயிற்றில் மறைத்து வைத்துக்கொண்டு, காலம் தப்பிய பிறகே அதை நமக்குத் தெரிவிக்கிறது. மெல்லிய மாவுக் கூட்டினுள் பாலும் முட்டையும் சர்க்கரையும் ஒன்றாய் உறைந்து நிற்கும் கஸ்டர்ட் பை என்னும் மேல்நாட்டுப் பண்டத்தைப் பற்றியே இப்போது எழுதப்போகிறேன் என்றாலும், அதன் சூட்சுமத்தை எனக்கு முதலில் உணர்த்தியது, காக்களூரில் எங்கள் தெருக்கோடியில் மாடு வைத்திருக்கும் ஒரு மூதாட்டி பித்தளைத் தூக்கில் கொண்டுவந்து கொடுத்த சீம்பால்தான்.

திருவள்ளூரை ஒட்டிய காக்களூர் என்றால், வெளியூர்க்காரர்களுக்குச் சிட்கோ தொழிற்பேட்டையும் ஆவின் பால் பண்ணையும்தான் நினைவுக்கு வரும். பொழுது விடியுமுன்னே பால் வண்டிகள் புறப்படுவதும், முறைவேலை முடிந்தவர்கள் சைக்கிளிலும் மோட்டார் சைக்கிளிலும் வீடு திரும்புவதும் இங்கே அன்றாடக் காட்சிகள். ஆயினும், இயந்திரங்களின் ஓசைக்கு அப்பால் ஏரி இருக்கிறது. ஏரிக்கரையில் புல் இருக்கிறது. புல் உள்ளவரையில் மாடு வைத்துப் பிழைக்கும் குடும்பங்களும் இருக்கின்றன. பையில் அடைத்த பாலை எத்தனை வீடுகள் வாங்கினாலும், கன்று ஈன்ற மாட்டின் முதற் பாலை மட்டும் கடையில் வாங்க முடியாது. அது அக்கம்பக்கத்தாரின் அன்பினால் தானாக வீடு தேடி வருவது. அதை விலைக்குக் கொடுப்பது பாவம் என்று எண்ணுகிறவர்கள் இன்றும் எங்கள் பக்கத்தில் உண்டு.

அன்று காலை அந்த மூதாட்டி தூக்கை என் கையில் கொடுத்துவிட்டு, "மொதப் பாலு கன்னுக்குட்டி குடிச்சாச்சு நைனா. இது அதுக்கப்புறம் கறந்தது. நேரா அடுப்புல வெச்சிடாத, திரிஞ்சு பூடும். இட்லிப் பானையில தண்ணி ஊத்தி ஆவியில வேக வை" என்றார்.

"எவ்வளவு நேரம் வைக்கணும் ஆயா?" என்றேன்.

"நேரத்தக் கேக்காத. நடுவுல தொட்டுப் பாரு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அவர் சொன்ன அந்தச் சில வாக்கியங்களுக்குப் பின்னால் எத்தனை விஷயம் இருக்கிறது என்பதைப் பிற்பாடுதான் அறிந்தேன். கன்றுக்கு முதலில் என்பது வெறும் தர்மம் மாத்திரம் அன்று. மாட்டின் கருப்பையில் இருக்கும்போது நோய் எதிர்ப்புச் சக்தி தாயிடமிருந்து கன்றுக்குச் செல்வதில்லை. பிறந்த சில மணி நேரத்துக்குள் குடிக்கும் சீம்பாலின் மூலமாகவே செல்கிறது. சுமார் ஒரு நாள் கழிந்தால் கன்றின் குடல் அந்தச் சக்தியை உள்ளே ஏற்கும் தன்மையை இழந்துவிடும். ஆகவே, மனிதர் பங்கு என்பது கன்று வயிறார உண்டபின் எஞ்சியதே.

அந்த எதிர்ப்புச் சக்திக்கு உறைவிடமான புரதமே சீம்பாலைக் கட்டியாக்கவும் செய்கிறது. சாதாரணப் பசும்பாலில் நூற்றுக்கு மூன்று, மூன்றரைப் பங்குதான் புரதம்; அதிலும் பெரும்பகுதி, எத்தனை காய்ச்சினாலும் உறையாத இனத்தைச் சேர்ந்தது. அதனால்தான் பாலை மணிக்கணக்காகக் கொதிக்க வைத்தாலும் அது வற்றிக் கோவாவாகிறதேயன்றிக் கட்டியாக உறைவதில்லை. முதற் கறவைச் சீம்பாலிலோ புரதம் அதைப்போல் நான்கு மடங்குக்குக் குறையாது; அதில் பெரும்பகுதி சூடு பட்ட மாத்திரத்தில் முட்டை வெண்கருவைப்போல் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும் இனம். கெட்டியான சீம்பாலோடு சமபங்கு சாதாரணப் பாலும், தட்டிய வெல்லமும், ஏலமும், மிளகோ சுக்கோ சிறிதும் சேர்த்துக் கலக்கி வடிகட்டி, கிண்ணத்தில் ஊற்றி இட்லிப் பானையில் இறக்கினால், இருபது நிமிஷத்தில் அது வெண்ணெய்போல் வெட்டக்கூடிய கட்டியாகிவிடுகிறது. கடும்பு என்று தமிழிலும், ஜுன்னு என்று தெலுங்கிலும் வழங்கும் பதார்த்தம் இதுவே. இரு மொழியும் கலந்து புழங்கும் எங்கள் பக்கத்தில் இரண்டு பெயரும் ஒரே வீட்டில் கேட்கும்.

ஆவியில் ஏன் வைக்கவேண்டும்? நேரடியாக அடுப்பின்மேல் வைத்தால் பாத்திரத்தின் அடி கொதிநிலையைத் தாண்டிச் சுடுகிறது. அடியில் உள்ள புரதம் இறுகிச் சுருங்கித் தன்னிடமிருந்த நீரைக் கக்கிவிடுகிறது. மேலே உள்ளதோ இன்னும் பச்சைப் பாலாகவே நிற்கிறது. நீரை நடுவே வைத்தால் அது தான் கொதிக்கும் நிலைக்கு மேற்பட்ட உஷ்ணத்தைப் பாலிடம் நெருங்கவிடுவதில்லை. எரிகிற தீயின் ஆத்திரத்தை எல்லாம் தான் வாங்கிக்கொண்டு, சாந்தமான சூட்டை மட்டும் பாலுக்குக் கொடுக்கிறது. நெருப்புக்கும் பாலுக்கும் நடுவே ஒரு மத்தியஸ்தர் இருக்கவேண்டும் என்பதே ஆயா சொன்ன சாஸ்திரம். உலகத்தில் பாலை உறையவைத்துச் செய்யும் இனிப்புகளைப் பற்றி நான் படித்தும் செய்தும் பார்த்த வரையில், ஒவ்வொரு நாட்டாரும் இந்த மத்தியஸ்தரைத் தேடியே அலைந்திருக்கிறார்கள் என்று தோன்றுகிறது.

மாடு தினந்தோறும் கன்று ஈனுவதில்லை. சீம்பால் இல்லாத நாளில் பாலுக்கு உறையும் சக்தியைத் தருவது முட்டை. இலங்கையிலும், கீழக்கரை, காயல்பட்டினம் முதலிய ஊர்களிலும் முஸ்லிம் குடும்பத்தார் பண்டிகை நாட்களில் செய்யும் வட்டிலப்பம் இதற்குச் சிறந்த உதாரணம். தேங்காய்ப்பாலில் கருப்பட்டியையோ இலங்கையின் கித்துள் வெல்லத்தையோ கரைத்து, முட்டையை அடித்துச் சேர்த்து, ஏலமும் சாதிக்காயும் தூவி, கிண்ணத்தோடு ஆவியில் வேகவைப்பார்கள். ஒல்லாந்தர் ஆட்சியில் இலங்கைக்கு வந்த மலாய் மக்களின் வழியாகப் பரவிய பண்டம் என்று அதைச் சொல்வது வழக்கம். அந்த ஒல்லாந்தரே 1613-இல் எங்கள் திருவள்ளூர் மாவட்டத்துப் பழவேற்காட்டில் கெல்டிரியாக் கோட்டையைக் கட்டியவர்கள் என்பதை நினைக்கும்போது, கடலோர ஊர்களின் சமையலறைகள் எல்லாம் ஒன்றுக்கொன்று உறவு கொண்டவையே என்ற எண்ணம் உண்டாகிறது. அங்கும் மத்தியஸ்தர் நீர்தான்.

மேல்நாட்டார் வேறொரு வழியில் சென்றார்கள். கஸ்டர்ட் என்னும் சொல், மாவினால் ஆன மேலோட்டைக் குறிக்கும் பழைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்து பிறந்தது. இடைக்கால ஐரோப்பாவில் மாவை ஒரு கலமாக வனைந்து, அதற்குள் இறைச்சியோ பழமோ இட்டு, முட்டையும் பாலும் ஊற்றிச் சுட்டார்கள். அந்தக் கலத்துக்கு வழங்கிய பெயரே நாளடைவில் உள்ளிருந்த பாற்கட்டிக்கு உரியதாகிவிட்டது. எனவே, பெயரைப் பொறுத்தவரையில் கூட்டோடு சேர்ந்த கஸ்டர்ட் பைதான் மூத்தது. கிண்ணத்தில் தனியாக வரும் கஸ்டர்ட் அதற்கு இளையது.

1837-ஆம் ஆண்டு இந்தப் பண்டத்தின் சரித்திரத்தில் இருவகையில் விசேஷமானது. அந்த ஆண்டில்தான் போர்ச்சுகலின் லிஸ்பன் நகரத்தைச் சேர்ந்த பெலெமில், ஜெரோனிமஸ் மடத்தின் செய்முறையைக் கொண்டு, மஞ்சட்கருவினால் செய்த சின்னஞ்சிறு கஸ்டர்ட் கூடுகளைக் கடையில் விற்கத் தொடங்கினார்கள். மடங்களில் உடைகளுக்குக் கஞ்சி போட வெண்கரு செலவாகும். மிஞ்சும் மஞ்சட்கரு இனிப்பாகும் என்று சொல்வார்கள். அதே ஆண்டில்தான் இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் நகரத்து ஆல்பிரட் பேர்ட் என்னும் ரசாயனக்காரர், முட்டை ஒத்துக்கொள்ளாத தம் மனைவியும் கஸ்டர்ட் உண்ணவேண்டும் என்னும் அன்பினால், முட்டையே இல்லாமல் சோளமாவைக் கொண்டு கஸ்டர்ட் பவுடரைக் கண்டுபிடித்தார். லிஸ்பன் கூடுகள் மிகக் கடுமையான சூட்டில் சில நிமிஷங்களில் வெந்து மேலே கருகுகின்றன. ஆயினும் உள்ளே திரிவதில்லை. காரணம், அவற்றின் பாலில் மாவு கலந்திருக்கிறது. வெந்து குழைந்த மாவு, முட்டைப் புரதங்கள் ஒன்றையொன்று நெருக்கிப் பிடிக்காதபடி இடையில் நிற்கிறது. பேர்டின் பவுடரில் முட்டையும் விலகி, மாவு ஒன்றே எஞ்சியது. இன்று நம் கல்யாண விருந்துகளில் வாழைப்பழமும் மாதுளையும் மிதக்கப் பரிமாறும் பழக் கஸ்டர்ட் இந்த வம்சத்தைச் சேர்ந்தது. அதற்கு உரிய சுவை அதற்கு உண்டு. ஆனால் அது குழம்புவது, உறைவதன்று. சீம்பாற்கட்டியை உண்டு வளர்ந்த நாக்கு இரண்டையும் ஒன்று என்று ஒப்புக்கொள்ளாது.

நம் நாட்டில் முட்டையிட்ட கஸ்டர்டைப் பழக்கப்படுத்தியவை ஆங்கிலோ இந்தியர் இல்லங்களும், பயணியர் பங்களாக்களும், ரயில்வே உணவுச்சாலைகளும். 1856 ஜூலை 1-ஆம் நாள் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரையில் ஓடத் தொடங்கிய தென்னாட்டின் முதல் பயணிகள் ரயில் பாதை திருவள்ளூரைத் தொட்டே செல்கிறது. அத்தகைய ரயில் பாதைகளில் உத்தியோகம் பார்த்த குடும்பங்களின் சமையலறைகளில், பால், முட்டை, சர்க்கரை என்னும் மூன்றே பொருளால் ஆன இந்த இனிப்பு சம்பிரதாயமாகவே நிலைத்துவிட்டது.

இனி நம் வீட்டில் செய்யும் முறைக்கு வருகிறேன். எட்டு அங்குல அகலமும் ஒன்றரை அங்குல ஆழமும் உள்ள ஒரு தகரத் தட்டுக்கு 150 கிராம் மைதாவும் 75 கிராம் வெண்ணெயும் ஒரு சிட்டிகை உப்பும் போதும். எங்கள் பக்கத்து வெயிலில் வெண்ணெய் உருகி மாவோடு கலந்துவிட்டால் கூடு மொறுமொறுப்பாக வராமல் கெட்டி ரொட்டியாகிவிடும் என்பதால், மாவு பிசையும் வேலையை விடியற்காலையில் வைத்துக்கொள்வது உத்தமம். குளிர்ந்த வெண்ணெயைத் துண்டுகளாக நறுக்கி மாவில் இட்டு, உள்ளங்கை படாமல் விரல் நுனிகளால் மட்டும் தேய்த்து, ரவைபோல் உதிர்ந்து வந்ததும், குளிர்ந்த நீர் இரண்டு மூன்று மேஜைக்கரண்டி மட்டும் தெளித்துத் திரட்டவேண்டும். சப்பாத்திக்குப் பிசைவதுபோல் பிசைந்தால் மாவில் இழுவை ஏறிவிடும். சப்பாத்திக்கு அது குணம், இதற்கு அதுவே தோஷம். அரைமணி நேரம் குளிர்பெட்டியில் வைத்து, பிறகு வட்டமாகத் தேய்த்துத் தட்டில் படியவைத்து, அதன்மேல் காகிதத்தை விரித்துத் துவரம்பருப்பையோ கொண்டைக்கடலையையோ பாரத்துக்காகப் பரப்பி, 190 டிகிரி சென்டிகிரேடு சூட்டில் கால்மணி நேரமும், பருப்பை எடுத்துவிட்டு இன்னும் எட்டுப் பத்து நிமிஷமும் வெறுங்கூடாகவே சுடவேண்டும். இளம் பொன்னிறமாக வந்த கூட்டின் உட்புறத்தில் வெண்கருவை மெல்லிய பூச்சாகத் தடவி இரண்டு நிமிஷம் திரும்பவும் உள்ளே வைத்தால், மண்பானைக்குப் பூச்சு அடைத்ததுபோல் துவாரங்கள் மூடிக்கொள்ளும்.

உள்ளே ஊற்றுவதற்கு மூன்று முட்டைகள், 400 மில்லி லிட்டர் பால், 75 கிராம் சர்க்கரை, ஒரு சிட்டிகை உப்பு. ஆவின் பாலில் நூற்றுக்கு மூன்று பங்கு கொழுப்புள்ள நீலப் பையைவிட, ஆறு பங்கு கொழுப்புள்ள ஆரஞ்சுப் பை இதற்கு உகந்தது; கொழுப்பு மிகுந்தால் கட்டி மிருதுவாகும். பாலைக் காய்ச்சி, விரல் பொறுக்கும் சூட்டுக்கு ஆறவைத்து, முட்டையையும் சர்க்கரையையும் நுரை எழும்பாமல் கலக்கியதில் மெல்ல ஊற்றி, வடிகட்டி, சூடான கூட்டிலே நிரப்பி, மேலே சாதிக்காயைத் துருவித் தூவவேண்டும். நுரை இருந்தால் கட்டியில் துளை விழும். வடிகட்டாவிட்டால் முட்டையின் வெண்ணிழைகள் நாவில் தட்டும். பாலுக்குப் பதிலாகத் தண்ணீரில் முட்டையைக் கலந்து வேகவைத்தால் அது உறையாமல் திரிதிரியாய்ப் பிரிந்துவிடுகிறது. பாலில் கரைந்துள்ள சுண்ணாம்புச் சத்து முதலிய உப்புக்களே முட்டைப் புரதங்களை அழகாகக் கோத்து வைக்கின்றன. ஆகவே முட்டை பாலை உறையவைக்கிறது என்பது எவ்வளவு உண்மையோ, பால் முட்டையை உறையவைக்கிறது என்பதும் அவ்வளவு உண்மை.

இந்தப் பண்டத்தின் சங்கடம் இங்கேதான் ஆரம்பமாகிறது. கூட்டுக்கு வேண்டியது கடுஞ்சூடு; பாலுக்கு வேண்டியது இளஞ்சூடு. இரண்டும் ஒரே தட்டில் இருக்கின்றன. ஆயா சொன்னபடி நடுவே நீரை வைக்கலாம் என்றால், ஆவி பட்ட மாத்திரத்தில் கூடு நமுத்துப்போய்விடும். லிஸ்பன்காரர்களைப்போல் மாவைக் கலக்கலாம் என்றால், கட்டியின் நயம் போய்விடும். இரண்டு மத்தியஸ்தர்களும் விலகிக்கொண்ட இடத்தில், முன்னதாகவே சுட்டுவைத்த கூடுதான் அந்தப் பதவியை ஏற்கிறது. நன்கு காய்ந்த அதன் சுவர், தகரத்தின் சூட்டைத் தான் தாங்கிப் பாலுக்குச் சிறுகச் சிறுகக் கொடுக்கிறது. ஆனாலும் அதன் சக்தி அளவுபட்டதே. மற்றதைச் செய்கிறவரின் நிதானம்தான் பார்த்துக்கொள்ளவேண்டும். பாலை ஊற்றியபின் சூட்டை 160 டிகிரிக்குக் குறைத்து, முப்பத்தைந்து நிமிஷத்துக்கு மேல் அடுப்பைவிட்டு அகலாமல் இருக்கவேண்டும்.

முதல் முறை செய்தபோது நான் செய்த தவறு இதுதான்: நடுப்பகுதி சற்றும் அசையாமல் நிற்கும்வரை காத்திருந்தேன். பார்வைக்கு அது கோயில் பிரசாதம்போல் உறுதியாக இருந்தது. கத்தி பட்டதும் அதிலிருந்து நீர் கசிந்து, அத்தனை சிரத்தையுடன் சுட்ட கூட்டின் அடியை ஊறவைத்துவிட்டது. பாலும் சர்க்கரையும் கலந்த முட்டை 80 டிகிரிக்குச் சமீபத்தில் உறைகிறது. 85-ஐக் கடந்தால் திரியத் தொடங்குகிறது. ஐந்தாறு டிகிரிக்குள் அடங்கிய இந்த எல்லைக்குள் ஓரமும் நடுவும் ஒரே சமயத்தில் வந்து சேர்வதில்லை. ஓரம் வெந்து நிற்கும்போது நடு இன்னும் பின்தங்கியிருக்கிறது; நடு வேகும்வரை காத்தால் ஓரம் கெட்டுவிடுகிறது. ஆகவே, தட்டை மெல்ல அசைத்துப் பார்த்து, ஓரம் அசையாமலும், நடுவிலே மூன்று விரற்கடை அகலத்துக்கு மட்டும் பால் தளும்பாமல், ஆனால் துடிப்புடன் நடுங்குகிறபோது வெளியே எடுத்துவிடவேண்டும். வெளியே எடுத்த பிறகும் ஓரத்தின் சூடு நடுவை நோக்கிப் பயணம் செய்து மிச்ச வேலையை முடிக்கும். தீயை விட்டு நீங்கியபின் நடக்கும் இந்தப் பக்குவத்தை நம்பத் தெரிந்தவருக்கே கஸ்டர்ட் வசப்படுகிறது. "நேரத்தக் கேக்காத, நடுவுல தொட்டுப் பாரு" என்று ஆயா சொன்னதன் அர்த்தம் அன்றுதான் எனக்கு முழுமையாக விளங்கியது.

ஓவன் இல்லாத வீட்டாரும் தயங்கவேண்டியதில்லை. கனத்த இரும்புச் சட்டியில் இரண்டு அங்குல உயரத்துக்கு மணலைப் பரப்பி, அதன்மேல் ஒரு வளையத்தை வைத்து, மூடிபோட்டுக் கால்மணி நேரம் காயவைத்தபின் தட்டை உள்ளே இறக்கினால் கூடும் வெந்துவிடும், பாலும் உறைந்துவிடும். மேற்புறம் சற்று வெளுத்திருக்கும்; மூடியின்மேல் தணலைப் பரப்பினால் அந்தக் குறையும் தீரும். எப்படிச் செய்தாலும் குறைந்தது இரண்டு மணி நேரம் ஆறியபின்பே வெட்டவேண்டும்; ஆறியதை வெளியில் விட்டுவைக்காமல் உடனே உண்ணவேண்டும், அல்லது குளிர்பெட்டியில் வைத்து மறுநாளைக்குள் தீர்த்துவிடவேண்டும். பாலும் முட்டையும் சேர்ந்த எதுவும் நம் வெயிலில் நெடுநேரம் நல்லபடி இராது.

வந்த பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பித் தருவது எங்கள் பக்கத்தில் வழக்கமில்லை. சரியாக வந்த முதல் கஸ்டர்ட் பையில் இரண்டு துண்டுகளை அந்தப் பித்தளைத் தூக்கிலேயே வைத்து, ஆயா வீட்டுக்கு எடுத்துச் சென்றேன். முட்டை சேர்ந்த பண்டமாதலால், அவருடைய சனிக்கிழமை விரதம் கழித்து ஞாயிறன்று போனேன். கொட்டிலில் கன்றுக்குத் தீனி வைத்துக்கொண்டிருந்தவர், கையைக் கழுவிக்கொண்டு வந்து, ஒரு துண்டைக் கையில் எடுத்து, வெட்டுவாயில் நீர் கசிகிறதா என்றுதான் முதலில் பார்த்தார்.

"ஆவியிலயா வெச்சே நைனா?"

"இல்லைங்க ஆயா. ஓவன்லதான்."

"அப்ப எப்ப எறக்கினே?"

"நடுவுல இன்னும் ஆடிக்கிட்டு இருக்கும்போதே எறக்கிட்டேங்க."

அவர் தலையை அசைத்துவிட்டு உண்ணத் தொடங்கினார், வேறொன்றும் கேட்கவில்லை.

அடுத்த வாரம், வெதுவெதுப்பான சூட்டிலேயே பாலை உறையவைக்கும் உறைமோரைப் பற்றி.